கசிவுச் சோதனை

க்தின்யா துறைமுகம், ஜனவரி, நான்காம் மாடி.
வயிறு திறந்து மல்லாந்து கிடக்கிறது கணினி.
இடப்பக்கம் நான்கு அக்ரிலிக் தண்டுகள்,
ஒவ்வொன்றும் அரை மீட்டர்,
கண்ணாடியைவிடக் கர்வம் கூடியவை.
வலப்பக்கம் கறுப்பு ரப்பர்க் குழாய்,
எதற்கும் அவசரமில்லாமல் சுருண்டு.

திமோனுக்கு விறைப்பு வேண்டும்.
பம்பிலிருந்து நேரே மேலேறி
ஒரே ஒரு செங்கோணத்தில் திரும்பி
ரேடியேட்டரில் போய்ச் சேரவேண்டும் தண்ணீர்.
பகலெல்லாம் அவன் காதில் மின்கட்டணப் புகார்கள்.
"புரிகிறது அம்மா, பதிந்துகொள்கிறேன் ஐயா,
மன்னிக்க வேண்டும், எண்ணை மறுபடி சொல்லுங்கள்."
எட்டு மணி நேரம் வளைந்து கொடுத்தவன்
வீட்டிலாவது ஒன்று நிமிர்ந்து நிற்கட்டும் என்கிறான்.

யாக்னா கப்பல் கட்டும் தளத்தில் குழாய் பொருத்துகிறவள்.
அரை மில்லிமீட்டர் பிசகினால்
பரிசோதகர் சாக்கட்டியால் வட்டம் போடுவார்:
வெட்டி எடு, மறுபடி.
"கோணம் பார்த்தது போதும்.
கத்தியால் ஒரு வெட்டு, முனையில் அழுத்து,
வளையத்தைத் திருகு. பத்து நிமிடம்.
பிறகு சூப் சாப்பிடலாம்."

"ரப்பரில் தண்ணீர் ஓடுவது தெரியாதே."
"உனக்குள் ரத்தம் ஓடுவது தெரிகிறதா?"
"அழகு என்று ஒன்று இருக்கிறதல்லவா?"
"அடுத்த மாதம் கிராபிக்ஸ் கார்டை மாற்றுவாய்.
அழகை அறுத்துத்தான் எடுக்கணும்."
"மாற்ற மாட்டேன்."
"போன வருஷமும் இதையேதான் சொன்னாய்."

ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையாது
என்று சொல்லிவைத்திருக்கிறது என் மொழி.
அதற்கு அக்ரிலிக் தெரியாது.
நூற்றைம்பதில் அது வளைகிறது,
சிலிக்கோன் கயிற்றை உள்ளே விழுங்கி,
சூடான காற்றில் உருண்டு உருண்டு,
ஒரு கணம், ஒரே கணம், நூடுல்ஸ் ஆகி.
அப்போது கை தயங்கினால்
தொண்டை நெரிந்த மாதிரி ஒரு சுருக்கம்.
ஆசைப்பட்டுக் கூடுதலாகச் சுட்டால்
உள்ளே மீன்முட்டைக் குமிழ்கள்.

முதல் தண்டு, சுருக்கம்.
இரண்டாவது, குமிழ்.
மூன்றாவது அழகாகவே வந்தது,
ஆனால் தப்பான பக்கம் பார்த்து.
அதைக் கையில் வைத்துக்கொண்டு
யாரும் ஒன்றும் சொல்லாதபோதே
"மன்னிக்க வேண்டும்" என்றான் திமோன்,
ஃபோனில் சொல்லும் அதே குரலில்.

அதுதான் பொறுக்கவில்லை அவளுக்கு.
கரண்டியைப் போட்டுவிட்டு வந்தாள்.
நான்காவதைப் பிடுங்கிக்கொண்டாள்.
அளவுகோல் எடுக்கவில்லை.
பெட்டிக்குள் ஒரு கண், சூட்டில் ஒரு கண்.
தூங்குகிறவர்கள் இருக்கும் வீட்டில் கதவு திறப்பதுபோல
மணிக்கட்டை மட்டும் திருப்பினாள்.
செங்கோணம்.

அதற்குமேல் தண்டு இல்லை.
மீதி நான்கு இடத்துக்கும் ரப்பர்தான்.
வென்றது யார் என்று இருவரும் கேட்கவில்லை.
சூப் ஆறி ஆடை கட்டியிருந்தது.

ராத்திரி கசிவுச் சோதனை.
பம்புக்கு மட்டும் மின்சாரம்.
ஒவ்வொரு மூட்டின் அடியிலும் ஒரு டிஷ்யூ காகிதம்.
குமிழிகள் அக்ரிலிக்கில் ஏறி,
ரப்பரில் நுழைந்து காணாமல் போய்,
மறுபடி ஏறுகின்றன.
தண்ணீர் எந்தக் கட்சியும் இல்லை.

பன்னிரண்டரைக்குக் குப்பையைக் கொட்டக் கீழே போன யாக்னா
திரும்பி வந்து, கோட்டைக்கூடக் கழற்றாமல்
பெட்டிக்குள் எட்டிப் பார்த்தாள்.
மூன்றாவது காகிதத்தில் ஈரப் பொட்டு.
அந்த வளைவுக்கு நேர் கீழே.

"நான் போட்ட மூட்டு கசியாது" என்றாள்.
"காகிதம் பொய் சொல்லாது" என்றான் அவன்,
அன்று முதல்முறையாக விட்டுக்கொடுக்காமல்.
இரண்டு தலைகளும் உள்ளே குனிந்தன.
டார்ச் அடித்தார்கள்.
வளையத்தைச் சுற்றி விரலால் தடவினார்கள்.
காய்ந்தே இருந்தது.

இன்னொரு பொட்டு விழுந்தது.

திமோன் நிமிர்ந்தான்.
அவள் முன்மயிரில் பனி உருகிக்கொண்டிருந்தது.

காகிதத்தை மாற்றினான்.
கொஞ்ச நேரம் கழித்துத்தான் தோன்றியது;
போய்த் துண்டும் எடுத்து வந்தான்.